பிரஷ்காரர் போட்ட கோடு

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஏழு. மற்ற மூன்றும் என் கொழுந்தனாருடைய பிள்ளைகள். எந்த மூன்று என்று இன்றைக்கும் வெளியாட்கள் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த ஏழும் சின்ன வயதில் மாசம் முழுக்க ஓடிய ஓட்டத்தை ஒரே சாயங்காலத்தில் நடந்து முடிக்கிற மனிதர் ஒருவர் எங்கள் வீட்டில் குடியிருந்தார். உலகத்தில் உட்காரத் தெரியாமல் பிறந்தவர் அவர் ஒருவர்தான் என்று எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

பெயர் ஏதோ இருந்தது, ரேஷன் கார்டில் பார்த்தால் தெரியும். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகளில் அவரை எல்லோரும் பிரஷ்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். புது லாரியின் நெற்றியிலும் முதுகிலும் எழுத்து எழுதுவது அவர் வேலை. எங்கள் வீடு அந்தப் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கிறது. அதில் பின்பக்கத்துப் போர்ஷனை அவருக்கும் அவர் சம்சாரம் ரூத்துக்கும் விட்டிருந்தேன்.

சோற்றுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தபடியே சாப்பிடுவார். ரூத் குழம்புக் கரண்டியோடு பின்னாலேயே போவாள். சிமெண்டுத் தரையில் அவர் நடந்த தடம் வாய்க்காலாகி, கூரை ஒழுகினால் மழைத்தண்ணீர் யாரும் தள்ளாமலே வாசலுக்கு வந்துவிடும். சேலம் பஸ்ஸில் பாதி சீட் காலியாகக் கிடந்தாலும் உட்கார மாட்டார். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். ஒருநாள் கண்டக்டர் பொறுக்க முடியாமல், "ஏனுங்க, பஸ்ஸுதான் போகுதே, நீங்களும் எதுக்குங்க நடக்கறீங்க?" என்று கேட்டே விட்டாராம்.

எதற்கு இந்த நடை என்றால், மனசுக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது. இயேசு கடவுளா, கடவுள் படைத்தவரா?

கிறிஸ்தவர்களுக்குள் இப்படி ஒரு வழக்கு இருப்பது இவர்கள் குடிவரும்வரை எனக்குத் தெரியாது. ரூத் போகிற சர்ச் எங்கள் தெருக்கோடியில். அங்கே, இயேசுதான் கடவுள், ஆதியிலிருந்தே கடவுள், யாரும் அவரை உண்டாக்கவில்லை என்பார்கள். கல்யாணத்தின்போது பிரஷ்காரரும் அந்தச் சர்ச்தான். பிறகு வேதப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் படித்து வேறு பக்கம் போய்விட்டார். சேலத்துப் பக்கம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு மாடி அறையில் பத்துப் பேர் கூடும் கூட்டம். கடவுள் ஒருவர்தான், இயேசு அவர் முதன்முதலில் படைத்தவர், மற்ற எல்லோரையும்விடப் பெரியவர், ஆனாலும் படைக்கப்பட்டவர் என்பது அவர்கள் கட்சி.

ஆக, என் வீட்டுப் பின்பக்கம் காலையில் காபி கொதிக்கும்போதே வழக்கும் கொதிக்க ஆரம்பித்துவிடும்.

"மகன்னு சொன்னாவே அப்பனுக்குப் பொறகு வந்தவன்தான ரூத்து. அப்பனுக்குச் சமமா அப்பவே எங்க இருந்தான்?"

"லைட்டப் போடறீங்க. லைட்டு எரியறது முந்தியா, வெளிச்சம் வாரது முந்தியா?"

அவர் நடையை நிறுத்தி யோசித்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

"இப்ப ரெண்டும் போச்சு. இதுக்கு என்ன சொல்ற?"

"ரெண்டும் ஒண்ணாத்தான போச்சு. அதத்தான் நானுஞ் சொல்றேன்" என்றாள் ரூத் இருட்டுக்குள் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டே.

இன்னொரு நாள், "இயேசு செபம் பண்ணினாரே, ஆருகிட்டப் பண்ணினாரு? தனக்குத் தானேவா?" என்று இவர் கேட்டார்.

"நம்ம பையன் ஓசூர்ல இருந்து உங்ககிட்டப் போன்ல பேசறான். அப்பங்கிட்டப் பேசறதால அவன் மனுசன் இல்லைன்னு ஆயிருமா? மனுசனுக்கு மனுசன்தான பொறந்திருக்கறான்?"

"போன எல்லாம் இதுல கொண்டாராத புள்ள."

முடியாதபோது இரண்டு பேரும் என்னிடம் வருவார்கள். "ஊட்டுக்காரம்மா, நீங்க ஒரு நாயஞ் சொல்லுங்க."

"எங்களுக்கு மலைமேல ஒருத்தர், ஏரிக்கரையில ஒருத்தர், ஊருக்குள்ள ஒருத்தி. அவங்கவங்க எடத்துல இருக்கறாங்க. ஆரு பெரியவுங்கன்னு நாங்க கேட்டதில்ல. மொதல்ல உக்காந்து சோத்தத் தின்னுங்க" என்பேன். ரூத் உட்காருவாள். அவர் தட்டோடு நடப்பார்.

பட்டறையிலும் இதே கதைதான். நாமகிரிப்பேட்டையிலிருந்து ஒரு லாரிக்காரர் வந்தார், கிறிஸ்தவர். மரவள்ளிக்கிழங்கு ஏற்றப் புது வண்டி. நெற்றியில் எழுதுவதுதான் கடைசி வேலை. அன்றைக்கே டெலிவரி. டிரைவர் எங்கள் சாமி கும்பிடுகிற ஆள். முதலாளி எந்தச் சாமியாக இருந்தால் என்ன என்று சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டான்.

"நெத்தியில 'இயேசுவே தெய்வம்'னு பெருசா எழுதிப்போடுங்க" என்றார் முதலாளி.

"எழுதறேனுங்க. அதுக்கு முந்தி ஒரே ஒரு கேள்விங்க" என்று பிரஷ்காரர் ஆரம்பித்தார்.

அவர் லாரியைச் சுற்றி நடக்க, பதில் சொல்ல முதலாளியும் கூடவே நடக்க வேண்டியதாயிற்று. நல்ல நேரம் போய் ராகு காலம் வந்தது. ராகு காலமும் போனது. எலுமிச்சம்பழம் வாடிவிட்டது. மேலேயே உட்கார்ந்திருந்த டிரைவர் தூங்கிவிட்டான். கடைசியில் முதலாளி நாக்குத் தள்ளி, "எதையோ எழுதுங்க சாமி, நான் ஊடு போயிச் சேரோணும்" என்றார். இவர் 'இயேசு தேவகுமாரன்' என்று எழுதினார். முதலாளி அண்ணாந்து பார்த்து, "இதுவுஞ் சரிதான்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிரஷ்காரர் ஜெயித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார். ரூத் முறத்தைக் கீழேகூட வைக்கவில்லை. "தேவகுமாரன்னு நாங்களுந்தான சொல்றோம். இதுல நீங்க எங்க செயிச்சீங்க?" அன்று மாலை அவர் நடந்த நடையில் என் வீட்டு நாய் தலை சுற்றிப் படுத்துவிட்டது.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "ஏனுங்க, நாலு வண்டிக்கு ஒரு வண்டி 'கருப்பணார் துணை'ன்னு எழுதறீங்க. அதுக்கு மட்டும் கை வருதாக்கும்?"

"அது அவிய நம்பிக்கைங்க ஊட்டுக்காரம்மா, அவிய வண்டி. ரோட்டுல போறவனுக்கு அது லாரிக்காரர் பேச்சுன்னு தெரியும். இயேசுவப் பத்தி நான் எழுதினா அது என்ற பேச்சாயிரும். பொய்யின்னு நெனைக்கறத எப்படீங்க எழுதறது?"

கிறுக்குத்தான். ஆனால் நேர்மையான கிறுக்கு என்று அன்றைக்கே மனசில் வைத்துக்கொண்டேன்.

இப்படிச் சத்தமாகப் போய்க்கொண்டிருந்த வீட்டில் ரூத்துக்கு வயிற்றில் கட்டி வந்தது. சேலத்தில் ஆபரேஷன். நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்தாள். நான் ரசம் சோறு கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இவர் மாத்திரைப் பையோடு நடந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்கக் கூடாது" என்றாள் ரூத். "மயக்க ஊசி போடறதுக்கு முந்தி ஒரு பொருத்தனை பண்ணிட்டேன்."

நாங்கள் நேர்த்தி என்பதை அவர்கள் பொருத்தனை என்பார்கள்.

"என்னன்னு?"

"நல்லபடியா ஊடு வந்து சேந்தா, நம்ம சர்ச்சுப் புதுக் கட்டடத்து வாசல்ல என்ற ஊட்டுக்காரரு அவர் கையால எழுதித் தருவாருன்னு."

"அட, இதுக்கு எதுக்குக் கோவம்? எழுதினாப் போச்சு. என்ன எழுதோணும்?"

ரூத் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இயேசுவே மெய்யான கடவுள்."

பிரஷ்காரர் உட்கார்ந்தார்.

நாற்காலியில்கூட இல்லை, நடந்துகொண்டிருந்த இடத்திலேயே தரையில். நான் பயந்துபோய்த் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"ஏம்புள்ள, வேண்டிக்க உனக்கு வேற ஒண்ணுமே கெடைக்கலியா? நான் சேலத்துக்கு நடந்தே வாரேன்னு வேண்டியிருந்தாக்கூட வந்திருப்பனே."

"அது வேண்டாமயே பண்ணுவீங்க. கஷ்டமா இருந்தாத்தான பொருத்தனை?"

"கஷ்டம் எனக்கு, பொருத்தனை உனக்கா?"

அவளுக்கே அது உறைத்துவிட்டது. ஆனால் வாயால் சொன்னதைச் செலுத்தாமல் சர்ச்சுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று இருந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை குளித்து, வெள்ளைப் புடவை கட்டி, பின்பக்கப் படியில் உட்கார்ந்து, தெருக்கோடியிலிருந்து வருகிற பாட்டுக்கு உதட்டை அசைத்துக்கொண்டிருப்பாள். இவர் தன் கூட்டத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார். அந்த வரியை எழுதினால் இந்தப் படி ஏற வேண்டாம் என்று அங்கே பெரியவர் சொல்லிவிட்டாராம். எழுதாவிட்டால் அவளுக்குச் சர்ச் இல்லை, எழுதினால் இவருக்குக் கூட்டம் இல்லை. புதுக் கட்டடத்தின் பிரதிஷ்டைக்கு நாளும் குறித்துவிட்டார்கள்.

வழக்கு நின்றுபோனது. காபி மட்டும் கொதித்தது. ஏழு பிள்ளைகளை வளர்த்தவளுக்குச் சத்தம் பழக்கம். சத்தம் நின்றதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. இவர் இப்போது வீட்டுக்குள் நடப்பதை விட்டுவிட்டு முட்டைக் கோடவுன் வரைக்கும், பைபாஸ் வரைக்கும் போய்ப் போய் வந்தார். கூடப் போன தெரு நாய்கள் பாதியில் திரும்பிவிட்டன.

பாஸ்டர் வந்தார். சின்ன வயசுப் பிள்ளை, தன்மையானவர். "அம்மா, உங்க கையை நீங்க பொருத்தனை பண்ணலாம். அவர் கையை நீங்க எப்படிப் பண்ண முடியும்? இது செல்லாதும்மா. நாம ஒரு ஃபிளெக்ஸ் அடிச்சு மாட்டிக்கலாம்" என்றார்.

"கல்யாணத்தன்னைக்கு ரெண்டு பேரும் இனி ஒண்ணுன்னு சொன்னது உங்க சபைதானுங்களே ஐயா" என்றாள் ரூத்.

பாஸ்டர் சிரித்துவிட்டு, நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

நான் பிரஷ்காரரைப் பிடித்தேன். "கருப்பணாருக்கு எழுதற கை கட்டுன பொண்டாட்டிக்கு எழுதாதா? அவ நம்பிக்கை, அவ சுவருன்னு நெனச்சுக்கங்க."

"நெனச்சுப் பாத்துட்டேனுங்க. நெனைக்க முடியல" என்றார். கண் கலங்கியிருந்தது.

வழி பட்டறையிலிருந்து வந்தது. அங்கே வேலை நடக்கிற விதம் எப்படியென்றால், முதலில் நூலில் சாக்பொடி தடவிச் சுண்டி வரி போட்டுக்கொள்வார்கள். அப்புறம் எழுத்துக்கு வெளிக்கோடு. அப்புறம்தான் உள்ளே பெயிண்ட் ரொப்புவது. மனசு சரியில்லாமல் இவர் ஒரு லாரிக்குக் கோடு மட்டும் போட்டுவிட்டு நடக்கப் போய்விட்டார். டெலிவரி எடுக்க வந்த ஆள் மேஸ்திரியிடம் கத்தியிருக்கிறார். "எழுதியாச்சுன்னு போன் பண்ணினீங்க. எங்க எழுதியிருக்குது? வெறுங்கோடுதான கெடக்குது?"

மேஸ்திரியும், "ஆமாங்க, கோடு போட்டது எழுதுனதாகாது" என்று ஒத்துக்கொண்டார்.

அதைக் கேட்டதும் பிரஷ்காரர் பட்டறையிலிருந்து வீட்டுக்கு ஓடி வந்தார். அவர் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ரூத்து, நான் கோடு போடறேன். உள்ள நீ ரொப்பு."

ரூத் அரிசி களைந்த கையோடு நின்று கேட்டாள். "கோடில்லாம எழுத்து வருமா?"

"வராது."

"அப்ப உங்க கைதான்."

"ரொப்பாம எழுத்தாகுமா?"

"ஆகாது."

"அப்ப அது என்ற பேச்சில்ல."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் கல்யாணமாகி முதன்முதலாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

இனி அவளுக்குப் பிரஷ் பிடிக்கப் பழக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் என் பொடக்காலிச் சுவர்தான் அகப்பட்டது. கை பழகுவதற்கு இயேசு பெயரைப் போட அவருக்கு மனமில்லை, வேறு சாமி பெயரை ரொப்ப அவளுக்கு மனமில்லை. யோசித்து, கோடு போட்டார். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். மெதுவாகக் கூட்டிப் பார்த்தேன். 'ஊட்டுக்காரம்மா துணை.'

"இதென்ன கூத்து? என்னைய லாரியாக்கிப் போட்டீங்களா?"

"இதுல சண்டையில்லீங்க. ரெண்டு பேரும் ஒத்துக்கறோம்" என்றார்.

ரூத் நீல பெயிண்டை வைத்து ரொப்பினாள். 'ஊ' வீங்கிப் போனது. 'ட்டு' ஒழுகியது. திட்டிக்கொண்டே நான்தான் அவளுக்கு ஸ்டூல் பிடித்துக்கொண்டேன்.

பிரதிஷ்டைக்கு முந்தின நாள் காலை, பிரஷ்காரர் மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு பட்டறையிலிருந்து இரண்டு டீசல் டிரம் உருட்டி வந்து, மேலே பலகை போட்டுச் சாரம் கட்டினார். சர்ச் ஆட்கள் ஒரு பக்கம் நின்றார்கள். கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து முதல் பஸ் பிடித்து அவர் கூட்டத்துப் பெரியவரும் இன்னொருவரும் வந்து, எதிரே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்கள். நான் நடுவில் ஒரு சேரைப் போட்டு உட்கார்ந்தேன். கபடிப் போட்டி மாதிரி இருந்தது.

அவர் நூலைச் சுண்டினார். வரி விழுந்தது. வெளிக்கோடு போட்டார். எழுத்துகள் முத்து முத்தாக, உள்ளே காலியாக நின்றன. இறங்கிவிட்டார்.

"எழுதிட்டீங்களே" என்றார் பெரியவர் ரோட்டைத் தாண்டி வந்து.

பிரஷ்காரர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எங்க தொழில்ல இது எழுத்தில்லீங்க. இப்படி ஒரு வண்டிய நிறுத்திப்போட்டு நான் போன வாரம் வாங்கின ஏச்சு எனக்குத்தான் தெரியும்" என்றார். பெரியவர் யோசித்துக்கொண்டே மரத்தடிக்குத் திரும்பிப் போனார்.

ரூத் பலகையில் ஏறினாள். பாஸ்டரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். முதல் எழுத்தை ரொப்பினாள். பெயிண்ட் கோட்டைத் தாண்டியது. கீழே பிரஷ்காரர் துள்ளினார்.

"வெளிய போகுது. ரூத்து, வெளிய போகுது."

"தெரியுது. நீங்க சித்தெ சும்மா இருங்க."

இரண்டாவது எழுத்துக்குக் கால் ஒன்று கூடுதலாக முளைத்தது. மூன்றாவதில் வயிறு தொங்கியது. வாழ்நாளில் ஒரு எழுத்தைக் கோணலாக விட்டவரில்லை அவர். டிரம்மைச் சுற்றினார், என் சேரைச் சுற்றினார், வேப்பமரத்தைச் சுற்றினார், பெரியவரையே ஒரு சுற்றுச் சுற்றினார். கடைசி எழுத்து முடிந்தபோது அந்த வரியைப் பார்க்க மழையில் நனைந்த கோழிகள் வரிசையாக நிற்பது போல இருந்தது. ரூத் இறங்கி, தலை குனிந்து நின்றாள். சர்ச் ஆட்களில் யாரோ சிரித்தது கேட்டது.

அந்தச் சிரிப்புத்தான். பிரஷ்காரர் ஒரே தாவலில் பலகையில் ஏறிவிட்டார். கையில் பிரஷ், இன்னொரு கையில் டப்பா.

"தொட்டுட்டாரு. பெயிண்டத் தொட்டுட்டாரு" என்றார் பெரியவரோடு வந்தவர்.

பிரஷ்காரர் திரும்பாமலே டப்பாவைச் சாய்த்துக் காட்டினார். உள்ளே வெள்ளை. "சுவத்தோட கலருங்க. நான் சுவத்துக்குத்தான் அடிக்கறேன். எழுத்துப் பக்கம் நான் போகவே இல்ல."

வெளியிலிருந்து வெள்ளையை வைத்து, வழிந்த நீலத்தையெல்லாம் மெல்ல மெல்ல வெட்டிக்கொண்டே போனார். கூடுதல் கால் மறைந்தது. தொங்கிய வயிறு உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் அவர் போட்ட கோடு மறுபடி தெரிந்தது, நிறைய நீலத்தோடு. அவ்வளவு அழகான எழுத்தை நான் எந்த லாரியிலும் பார்த்ததில்லை. அதில் ஒரு சொட்டு நீலம்கூட அவர் வைக்கவில்லை. பெரியவர் மரத்தடியில் தலையை ஆட்டிக்கொண்டார். ஒத்துக்கொண்டாரா, வெறுத்துப்போனாரா என்று தெரியவில்லை. ஆனால் பஸ் ஏறும்போது, "ஞாயித்துக்கெழமை நேரத்துக்கு வந்துருங்க" என்று இவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் சர்ச் வாசலில், அந்த வரிக்குக் கீழே, சிமெண்டு மூட்டை மேல் பிரஷ்காரரும் ரூத்தும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து என் வீட்டுத் தக்காளிச் சோற்றைச் சாப்பிட்டார்கள். ஆமாம், உட்கார்ந்துதான். மறுநாள் அவள் வெள்ளைப் புடவையில் உள்ளே போனாள். ஆராதனை முடியும்வரை அவர் வெளியே நடந்துகொண்டிருந்தார். அன்று சாயங்காலமே, "அப்பன் என்னையவிடப் பெரியவருன்னு மகனே சொல்லியிருக்கறாரே" என்று பின்பக்கம் குரல் கேட்டது. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

போன மாசியில் பிரஷ்காரர் போய்விட்டார். பட்டறை வாசலில் நின்றபடி டீ குடித்துக்கொண்டிருந்தவர்தான். அன்றைக்கு வீட்டில் படுக்க வைத்திருந்தபோது, எனக்கு அது அவர் மாதிரியே தெரியவில்லை.

ரூத் இப்போதும் என் பின்பக்கத்தில்தான் இருக்கிறாள். ஒருநாள் சொன்னாள்: "அவருக்கு இப்ப பதில் தெரிஞ்சிருக்குமுங்க ஊட்டுக்காரம்மா. அவரு சொன்னதே சரின்னாலும் பரவால்லீங்க. ஒருக்கா வந்து சொல்லிட்டுப் போலாம்."

வர வழியில்லாமல் அங்கே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருப்பார், வேறென்ன.

தை மாசம் என் பெரிய மகன் இந்த வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தான். பொடக்காலிச் சுவரைத் தொடக்கூடாது என்று குறுக்கே சேரைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். 'ஊ' வீங்கித்தான் இருக்கிறது, 'ட்டு' ஒழுகித்தான் இருக்கிறது. நான் எழுத்துக் கூட்டாமல் படிக்கிற வரி இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.

மற்றதற்கெல்லாம் பேத்திதான் வேண்டும். கண்ணு, எழுதினது போதும். மொதல்ல இருந்து ஒருக்கா படிச்சுக் காட்டு சாமி. ரூத்தையும் கூப்புடு, அவளும் கேக்கட்டும்.